சுற்றுக்குப் பத்து விரால்

தாழங்கரை ஏரியில் கனகசபை என்று ஒரு நாரையார் இருந்தார். நல்ல உயரம், நீளக் கழுத்து, பார்த்தால் பெரிய மனிதர் தோரணை. மீன் பிடிப்பதில் மட்டும் சுமார்தான். ஒரு நாளைக்கு இரண்டு பிடித்தால் அதுவே பெரிய விஷயம். ஆனால் பேச்சில் அவரை அடித்துக்கொள்ள அந்த ஏரியில் ஆளே கிடையாது!

யாராவது புதிதாக வந்து இறங்கினால் போதும். ஒற்றைக்காலில் நின்றபடி கழுத்தைச் சாய்த்து, "நம்ம ஏரிதான், தாராளமா இருங்க! என்ன வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க!" என்பார். யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்காத வரைக்கும் அவர் வள்ளல்தானே!

அந்த வருடம் நல்ல மழை. தை பிறந்தும் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. பனிமலை தாண்டி வரித்தலை வாத்துகள் கூட்டமாக விருந்தாளிகளாய் வந்திருந்தன. ஒருநாள் காலையில் ஆலா என்ற கடற்பறவை ஒன்று மூச்சு வாங்க வந்து படித்துறையில் உட்கார்ந்தது. ஏரியே அதைச் சுற்றிக் கூடிவிட்டது.

"கடலுக்கு அந்தப் பக்கம், வேற நாட்டுல ஒரு தீவு இருக்கு," என்றது ஆலா. "அங்கே மணல்ல பங்குனி ஆமைன்னு சொல்ற கடலாமைங்க வந்து முட்டை போட்டிருக்கு. பங்குனியில குஞ்சு வெளியே வரும். நண்டும் காக்காயும் இப்பவே பந்திக்கு உட்கார்ந்த மாதிரி காத்துக் கிடக்குது. குஞ்சுங்களைப் பத்திரமா கடல்ல கொண்டுபோய் விடக் காவலுக்கு ஆள் வேணும். கூலி கிடையாது. தொண்டு!"

கூட்டம் தரையைப் பார்த்தது. சிலர் வானத்தைப் பார்த்தார்கள். நாரையார் தன் இறகைக் கோதுவதில் மும்முரமானார்.

"ஏங்க, ஒரு நிமிஷம்!" என்றொரு குரல்.

செங்கமலம். ஏரிக்கரைத் தோட்டத்துச் சிவப்புக் கோழி. அவள் அடைக்கோழிகளுக்கெல்லாம் அடைக்கோழி. முட்டை இல்லாவிட்டால் கூழாங்கல் மேலாவது உட்கார்ந்துகொள்வாள். போன வருடம் தோட்டக்காரர் நாலு வாத்து முட்டைகளைக் கொண்டுவந்து அவளுக்கு அடை வைத்தார். வாத்துக்குப் பொறுமை போதாது, கோழிதான் கடைசிவரை உட்காரும் என்பதால் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் வழக்கம். நாலும் பொரிந்தன. நாலும் இப்போது ஆளை முட்டும் அளவுக்கு வளர்ந்த வாத்துகள். செங்கமலத்துக்கு அவை இன்னும் குஞ்சுகள்தான்.

"முட்டை போட்ட அம்மாக்காரி எங்கே?" என்று கேட்டாள் செங்கமலம்.

"கடலுக்குப் போயிட்டா."

"எப்ப வருவா?"

"வரமாட்டா."

"அப்போ அடைகாக்கிறது யாரு?"

"யாருமில்லை. மணல் சூடுதான்."

செங்கமலத்தின் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "அடிப்பாவி மகளே! பெத்துப் போட்டுட்டு நீச்சலடிக்கப் போயிட்டாளா! நான் போறேன். இன்னைக்கே போறேன். வழி சொல்லுங்க!"

வழி சொல்லலாம். கடலைத் தாண்டுவது யார்? கோழி பறந்தால் வேலிவரை பறக்கும். எல்லாரும் தோணிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். தோணிமுத்து ஒரு கூழைக்கடா. அலகுக்குக் கீழே பெரிய தோல் பை தொங்கும். அதில் கோழியென்ன, கோழிக்குடும்பமே போகலாம்.

"கூட்டிட்டுப் போறேன்," என்றது தோணிமுத்து கொட்டாவி விட்டபடி. "கடல் தாண்டி வர்றது சும்மா இல்லை. உடம்புல தெம்பு வேணும். கிளம்புறதுக்கு முன்னாடி நாற்பது மீன். அதுக்குக் கீழே பேச்சில்லை."

செங்கமலத்தின் முகம் சுருங்கிவிட்டது. கோழிக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? புழு என்றால் தோண்டி எடுத்துவிடுவாள்.

ஆலாதான் யோசனை சொன்னது. "வெளியூர்ல எல்லாம் ஒரு வழக்கம் உண்டு. தொண்டுக்குப் போறவங்க தங்களால முடியாத காரியம் ஒண்ணைச் செஞ்சு காட்டுவாங்க. அக்கம்பக்கத்துக்காரங்க, 'நீ இத்தனை சுற்று நீந்தினா நான் சுற்றுக்கு இத்தனை தர்றேன்'னு வாக்குக் கொடுப்பாங்க. அதுல பயணம் நடந்துடும்."

"நீந்துறதா?" என்றாள் செங்கமலம். அவள் கால் இதுவரை மழைத் தண்ணீரில்கூட மனமுவந்து நனைந்ததில்லை.

"நீந்தம்மா, நாங்க சொல்லித் தர்றோம்!" என்று நாலு வாத்துகளும் குதித்தன.

அப்படியே முடிவாயிற்று. படித்துறையிலிருந்து, ஏரிக்குள் நிற்கிற கருவேல மரம் வரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று. மாசிப் பௌர்ணமியன்று காலையில் நீச்சல்.

"நான் சுற்றுக்கு ஒரு கெண்டை தர்றேன்," என்றது நீர்நாய். நியாயமான ஆள். தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து பேசும்.

"நான் சுற்றுக்கு ஒரு பொடி மீன்," என்றது மீன்கொத்தி.

இப்போது விருந்தாளி வாத்துகளெல்லாம் நாரையாரைப் பார்த்தன. ஏரிக்குப் பெரியவர் அல்லவா! நாரையார் கோழியைப் பார்த்தார். அந்தக் குச்சிக் காலைப் பார்த்தார். அந்தப் பஞ்சு மூட்டை உடம்பைப் பார்த்தார். 'இவளாவது நீந்துறதாவது! முதல் படியிலேயே முங்கிடுவாள்,' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார். நடக்காத காரியத்துக்கு வாக்குக் கொடுக்க என்ன செலவு?

கழுத்தை நீட்டினார். தொண்டையைக் கனைத்தார்.

"சுற்றுக்குப் பத்து விரால்!"

கரையே ஆடிப்போயிற்று. பத்தா? விராலா? வரித்தலை வாத்துகள் சிறகைத் தட்டி ஆரவாரம் செய்தன. "இப்படிப்பட்ட வள்ளலை மலைக்கு அந்தப் பக்கத்திலும் நாங்கள் பார்த்ததில்லை!" என்று அவற்றில் மூத்தது சொன்னது. நீர்நாய் வெட்கப்பட்டுப்போய், தான் பரம்பரையாக நின்ற மதகடியை விட்டு நகர்ந்தது. "வள்ளல் நிக்க வேண்டிய இடம் இதுதான், நாரையாரே! இனிமே நீங்க நில்லுங்க!"

மதகடி என்றால் சாதாரண இடமா? நீர் இழுக்கிற இழுப்பில் மீன் தானாக வந்து காலில் மோதும். அன்று நாரையார் நாலு மீன் சாப்பிட்டார். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு வரும்படியா என்று அவருக்கே ஆச்சரியம்.

செங்கமலம் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணே! நாலே நாலு சுற்று நீந்தினாப் போதும்ணே! உங்க வாக்கு ஒண்ணுலயே தீவு போயிடுவேன்! கூடப் பிறந்த அண்ணன்கூட இப்படிச் செய்யமாட்டான்!"

"அட, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா தங்கச்சி!" என்றார் நாரையார்.

மறுநாள் பயிற்சி ஆரம்பித்தது. வேடிக்கை பார்க்க நாரையார் முதல் ஆளாக வந்து நின்றார்.

செங்கமலம் முதல் படியில் கால் வைத்தாள். "ஐயோ, குளுருது!" இரண்டாம் படி. "ஐயோ, ஈரமா இருக்கு!" மூன்றாம் படி. காணவில்லை! நாலு வாத்துகளும் முங்கி இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டன. இறகெல்லாம் ஒட்டிப்போய் அவள் பாதி ஆளாக இருந்தாள். நாரையாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி நின்று இருமுவதுபோல் சிரித்துக்கொண்டார்.

ஆனால் அவள் மறுநாளும் இறங்கினாள். அதற்கு மறுநாளும் இறங்கினாள்.

"அம்மா, வாலுக்கு மேல எண்ணெய்ச் சுரப்பு இருக்கு பாருங்க. அதை அலகால எடுத்து இறகுல பூசிக்கோங்க. தண்ணி சீக்கிரம் ஏறாது," என்றது மூத்த வாத்து.

"காலை மண்ணைக் கிளறுற மாதிரி பின்னாடி தள்ளுங்கம்மா!" என்றது இளையது.

மண்ணைக் கிளறுவதா! அந்த வித்தை அவளுக்குப் பிறவியிலேயே வந்ததாயிற்றே. பரக்கு பரக்கென்று தண்ணீரைக் கிளறினாள். உடம்பு முன்னால் நகர்ந்தது! "ஏய், போறேன்! நான் போறேன்டா!" என்று அவள் போட்ட கூச்சலில் ஏரித் தவளையெல்லாம் குதித்து ஓடின.

பத்தாம் நாள் பாதித்தூரம் போய்வந்தாள். நாரையார் இறகு கோதுவதை நிறுத்தினார். இது விளையாட்டு இல்லை போலிருக்கிறதே! பத்து விராலுக்கு அவர் எங்கே போவார்? விராலை அவர் கண்ணால் பார்த்தே ஒரு மாதம் ஆகியிருந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர்போல் போனார். "தங்கச்சி, இந்தச் சுத்தமான தண்ணியில நீந்துறது ஒரு நீச்சலா? அதோ ஆகாயத்தாமரை மண்டிக்கிடக்கே, அதுக்குள்ளே நீந்திப் பழகு!"

கொடியில் கால் மாட்டி இரண்டு நாளில் வெறுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டார். அவளோ ஒரு வாரம் அந்தத் தாமரைக்குள் கிடந்து மல்லுக்கட்டினாள். வெளியே வந்தபோது கால் இரண்டும் முறுக்கேறியிருந்தன. கருவேல மரம் வரை ஒரே மூச்சில் போனாள்!

"எல்லாம் அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி!" என்று ஏரி முழுக்கச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தாள்.

நாரையாருக்குத் தூக்கம் போயிற்று. இன்னொரு யோசனை செய்தார். ஒருநாள் காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, யார்கிட்டயும் சொல்லாதே. அந்தக் கருவேல மரத்தடியில தண்ணிப்பாம்பு ஒண்ணு சுத்துது. இத்தாம் பெரிசு! உன் நல்லதுக்குச் சொல்றேன், இனிமே தண்ணிப் பக்கமே போகாதே."

"பாம்பா!" செங்கமலத்தின் கண் வெளியே வந்துவிட்டது. "ஐயையோ! என் பிள்ளைங்க அங்கதானே மேயுதுங்க!"

அவ்வளவுதான். படித்துறையிலிருந்து ஒரே பாய்ச்சல்! "டேய்! பாம்புடா! வாங்கடா வெளியே!" என்று கத்திக்கொண்டே மரம் வரை போனாள். சும்மா மேய்ந்துகொண்டிருந்த நாலு தடியன்களையும் கொத்திக் கொத்தி விரட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். எண்ணிப் பார்த்தாள். மூன்றுதான் தெரிந்தது. மறுபடி பாய்ந்து மரம் வரை போய்த் தேடிவிட்டு வந்தாள். நாலாவது, கரையில் மற்ற மூன்றின் வால் பக்கம் ஒளிந்து நின்றுகொண்டிருந்தது. அதற்குள் அவள் இரண்டு சுற்று முடித்திருந்தாள்!

"அண்ணே," என்றாள் மூச்சிரைக்க, "என்னால முடியும்ங்கிறதை எனக்கே காட்டத்தானே பாம்புன்னு பொய் சொன்னீங்க? உங்க மூளையே மூளைண்ணே!"

நாரையார் "ஹி... ஹி..." என்றார்.

மாசி பிறந்தது. செங்கமலம் மூன்று சுற்று நீந்தினாள். ஆனால் அதற்குமேல் முடியவில்லை. எவ்வளவு எண்ணெய் பூசினாலும் கோழி இறகு கோழி இறகுதான். மூன்றாவது சுற்று முடியும்போது தண்ணீர் உள்ளே இறங்கி உடம்பு கல்லாகக் கனத்துவிடும். தினமும் மூன்றோடு கரையேறி, நாக்கு தொங்க விழுந்து கிடந்தாள்.

நாரையார் இதை மதகடியில் நின்று கவனித்தார். முப்பது விராலும் அவரிடம் கிடையாது, மூன்று விராலும் கிடையாது. மூன்று சுற்றானாலும் அவர் தொலைந்தார். ஆனால் வாயிருக்கிறதே! நீச்சலுக்கு இரண்டு நாள் முன்னால் கூட்டத்தைக் கூட்டினார்.

"நாலு சுற்று முழுசா முடிஞ்சா நாற்பது விரால், அப்படியே எண்ணி வைப்பேன். ஒரு முழம் குறைஞ்சாலும் ஒண்ணும் கிடையாது. நடுவுல மரத்துல ஏறி உட்காரக்கூடாது. வேற யாரும் தொட்டு உதவக்கூடாது. தொட்டா அந்தச் சுற்று செல்லாது. ஒரு காரியம்னா முறைன்னு ஒண்ணு வேணும் பாருங்க!"

"சபாஷ்! இதுவல்லவோ ஒழுங்கு!" என்றன விருந்தாளி வாத்துகள்.

நாலு வாத்துகளும் முகம் தொங்கிப்போய் நின்றன. "மாமா, அம்மாவால மூணுதான் முடியும்," என்றது மூத்தது மெதுவாக.

"சும்மா இருடா," என்றாள் செங்கமலம். "பாதியில விட்டுடக்கூடாதுன்னுதான் மாமா இப்படிச் சொல்றாரு. நாற்பது மீனை எடுத்து வச்சுட்டுக் காத்திருக்காரு. அவருக்கு நான் செய்யற மரியாதை, நாலையும் முடிக்கிறதுதான்."

நாரையார் அவள் கண்ணைப் பார்க்காமல் மதகடிக்குப் போனார்.

மாசிப் பௌர்ணமிக் காலை. கரையெல்லாம் கூட்டம். தோணிமுத்து படித்துறையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தது. செங்கமலம் இறகெங்கும் எண்ணெய் பூசி, மினுமினுவென்று வந்து இறங்கினாள்.

முதல் சுற்று. சரசரவென்று போய் வந்தாள். நீர்நாய் தன் கெண்டையைத் தோணிமுத்துவின் வாயில் போட்டது. மீன்கொத்தி தன் பொடி மீனைப் போட்டது. நாரையார் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார்.

இரண்டாவது சுற்று. அதுவும் ஆயிற்று. கூட்டம் கைகொட்டியது. மூன்றாவது சுற்றில் வேகம் குறைந்தது. கழுத்து மட்டும் தெரிந்தது. தத்தித் தடுமாறிப் படித்துறைப் பக்கம் வந்தாள். நாரையார் மனசுக்குள் பெருமூச்சு விட்டார். 'முடிஞ்சுது! இனி ஏறிடுவாள். நாமும் ரெண்டு வார்த்தை வருத்தம் சொல்லிட்டுப் போயிடலாம்.' வருத்தத்துக்கு ஏற்ற முகத்தைக்கூடத் தயார் செய்துகொண்டார்.

செங்கமலம் படியருகே வந்தாள். ஏறவில்லை. திரும்பினாள்!

"அம்மா, வேண்டாம்! வந்துடும்மா!" என்று வாத்துகள் அலறின.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுடா," என்றாள். அந்தக் குரல் பாதி தண்ணீராக இருந்தது. "அண்ணன் வாக்குக் கொடுத்திருக்காரு."

நாலு வாத்துகளும் தண்ணீரில் குதித்து அவள் கூடவே போயின. பக்கத்தில் போகலாம், தொடக்கூடாதே! மரம் வந்தது. "ஏறி உட்காரும்மா!" என்று கெஞ்சின. அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பினாள். பாதி வழியில் முதுகு முங்கியது. அப்புறம் கழுத்து. இளைய வாத்து பொறுக்கமுடியாமல் சிறகை நீட்டியது.

"தொடாதே!" என்று கத்தினாள் செங்கமலம். "தொட்டா... செல்லாது! நாற்பது மீனும்... போயிடும்டா!"

ஒருமுறை முங்கினாள். எழுந்தாள். மறுபடி முங்கினாள். எழ நேரமாயிற்று.

நாரையாருக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லாத மீனுக்காக ஒரு தாய் சாகப் போகிறாள்! நாற்பது மீன் அங்கே இருக்கிறது என்று அந்தக் கரையில் நினைத்தவர்களில் அதை உயிரையே வைத்து நம்பியவள் அவள் ஒருத்திதான். சொன்னால் மானம் போகும். மதகடி போகும். வரித்தலை வாத்துகள் மலை தாண்டிப்போய் அந்தக் கதையைச் சொல்லும். எல்லாம் ஒரு நொடியில் கண்முன் ஓடியது. சிவப்புக் கொண்டை மூன்றாம் முறை தண்ணீருக்குள் போயிற்று.

"என்கிட்ட மீன் இல்லை!" என்று அலறினார் நாரையார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"செங்கமலம்! கேக்குதா! என்கிட்ட ஒரு விரால்கூடக் கிடையாது! எப்பவும் இருந்ததில்லை! நீ முங்கிடுவேன்னு நினைச்சுத்தான் அன்னைக்குச் சொன்னேன்! சுற்றும் இல்லை, முறையும் இல்லை! டேய் பசங்களா, தூக்குங்கடா அம்மாவை!"

கொண்டை ஒருமுறை மேலே வந்தது. "அண்ணே... விளையாடாதீங்க..." என்று ஒரு குமிழி வந்தது.

"சத்தியமா இல்லைம்மா! நான் புளுகன்!"

அவள் கால் நின்றது. அந்த நொடியில் நாலு வாத்துகளும் அவளைச் சிறகிலும் கழுத்திலும் தாங்கிப் பிடித்துக் கரைப்பக்கம் இழுத்து வந்தன. நாரையாரும் கழுத்தளவு தண்ணீர்வரை இறங்கிப் போனார். நீந்தத் தெரியாத ஆள். அலகை நீட்டி அவள் சிறகைக் கவ்விப் படியில் இழுத்துப் போட்டார்.

செங்கமலம் வெகுநேரம் இருமினாள். தண்ணீராகக் கக்கினாள். எழுந்து உட்கார்ந்தாள். நாரையாரைப் பார்த்தாள்.

மன்னித்துவிட்டாள் என்றா நினைக்கிறீர்கள்? கொத்தினாள்! காலில் கொத்தினாள், தொடையில் கொத்தினாள், எம்பி எம்பிக் கழுத்தில் கொத்தினாள். மூன்றேமுக்கால் சுற்று நீந்திய களைப்பெல்லாம் எங்கே போயிற்றோ! நாரையார் கரையைச் சுற்றி ஓட, ஈரக்கோழி துரத்த, விருந்தாளிகள் முதன்முறையாக மனம்விட்டுச் சிரித்தார்கள். நீர்நாய் நேராகப் போய் மதகடியில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

கொத்தி ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அந்தக் குஞ்சுங்க... இருபது நாள்ல கிளம்பினாத்தானே போய்ச் சேர முடியும்... நான் இப்ப யாரைக் கேட்பேன்?"

"தங்கச்சி," என்று ஆரம்பித்தார் நாரையார், "நான் எப்படியாவது..."

"பேசாதே!" என்றது தோணிமுத்து. சாதாரணமாகத் தூங்கி வழியும் அந்தக் கூழைக்கடாவுக்கே கோபம் வந்திருந்தது. "உன் வாயிலிருந்து வர்றது எதுவும் என் வயித்தை நிரப்பாது. மீன் இருந்தாக் கொண்டாந்து போடு. இல்லைன்னா வாயை மூடு."

நாரையார் வாயை மூடினார்.

ஏரியின் வடக்குக் கோடியில் முழங்கால் சேறு. அங்கே யாரும் மீன் பிடிக்கப் போகமாட்டார்கள். நாரையார் அங்கே போய் நின்றார். வெயில் ஏறியது, இறங்கியது. சாயங்காலம் ஒரு கெளுத்தி கிடைத்தது. அலகில் வைத்துக்கொண்டே ஏரியைச் சுற்றி நடந்து வந்து தோணிமுத்துவின் வாயில் போட்டார். திரும்பிப் போனார். அன்று ராப்பலகாரம் இரண்டு நத்தை.

மறுநாள் இரண்டு கெண்டை. அதற்கு மறுநாள் மூன்று. அதில் ஒன்று நல்ல கொழுத்த விரால்! ஆளில்லாத கோடி. யார் பார்க்கப் போகிறார்கள்? அலகுக்குள் அது துள்ளியது. நாக்கில் எச்சில் ஊறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏரிக்கரை நெடுக நடந்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நடை நடந்ததில்லை.

யாரும் கைதட்டவில்லை. யாரும் வள்ளல் என்று சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் சேறு பூசிய கால்கள் வரும், மீன் விழும், கால்கள் போகும். நாலைந்து நாள் கழித்து நீர்நாய் தன் பங்குக்கு ஒன்று கொண்டுவந்து போட்டது. மீன்கொத்தியும் போட்டது. நாரையாருக்காக அல்ல, செங்கமலத்துக்காக. பத்தொன்பதாம் நாள் தோணிமுத்து எண்ணிப் பார்த்து, "நாற்பது ஆச்சு. ஏறம்மா!" என்றது.

செங்கமலம் பைக்குள் ஏறித் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். நாலு வாத்துகளுக்கும் நூறு புத்திமதி சொன்னாள். ஆழத்துக்குப் போகாதீங்க, கண்டதைத் தின்னாதீங்க, பருந்து வந்தா ஓடி ஒளிஞ்சுக்கோங்க. அவை தலையாட்டிச் சலித்துப்போயின.

நாரையார் தள்ளி நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். 'பிள்ளைகளை நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாம போய்ட்டு வா' என்று சொல்ல வாய் வந்தது. அலகைத் திறந்தார். யோசித்தார். மூடிக்கொண்டார்.

செங்கமலம் அதைக் கவனித்தாள். "அண்ணே," என்றாள், கொஞ்சம் வெடுக்கென்றுதான். "கழுத்துல கொத்தின காயம் ஆறிடுச்சா?"

நாரையார் ஆமென்று தலையை ஆட்டினார். கூழைக்கடா கிளம்பிற்று.

சித்திரையில் ஆலா மறுபடி வந்து சேதி சொன்னது. அந்தத் தீவில் ஒரு நண்டு நிம்மதியாக இல்லையாம். ஒரு காக்காய்க்குத் தலையில் இறகு மிச்சமில்லையாம். நூற்றுப் பத்துக் குஞ்சுகளையும் ஒரு சிவப்புக் கோழி வரிசையாக ஓட்டிக்கொண்டுபோய்க் கடலில் விட்டதாம்! ஏரியே கூத்தாடியது. நாரையார் வடக்குக் கோடியில் கேட்டுக்கொண்டே நின்றார்.

அடுத்த தையில் ஒரு தவளை வந்தது. நாரையிடம் பேச வந்த தவளை என்பதால் பத்தடி தள்ளியே நின்றுகொண்டது. "ஐயா, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல தவளைங்களுக்கு மழைப்பாட்டு மறந்துபோச்சாம். தொண்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கப் போறேன். அதுக்காக ஒரே மூச்சுல நூறு தாவு தாவப் போறேன். நீங்க தாவுக்கு எவ்வளவு தருவீங்க?"

கரையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புது விருந்தாளிகளும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

நாரையார் குனிந்தார். சேற்றில் அலகை விட்டார். ஒரு பொடி மீனை எடுத்து நீட்டினார்.

"ஒரு அயிரை."

"ஒண்ணே ஒண்ணா?" என்றது தவளை. "நூறு தாவுக்குமா?"

"நூறு தாவுக்கும் ஒண்ணு. இருக்கிறது இதுதான். நீ தாவுறதுக்கு முன்னாடியே பிடி!"

கைதட்டலுக்காகக் கையில் இல்லாததைக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை நம்பி ஒருவர் ஆழத்தில் இறங்கிவிடுவார். ஆகவே கொடுக்க முடிவதை மட்டும் சொல்லுங்கள், சொன்னதைக் கொடுத்துவிடுங்கள்.